ஃபோல்டரா, தேடலா, ஃப்ளாக்கா: அலுவலக மெயிலுக்கு எது சரிவரும்?

கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு சிறு நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேஜை. காலை பத்து மணிக்குள் மூன்று கொட்டேஷன், பாக்கி எப்போது வரும் என்று கேட்கும் சப்ளையர், வங்கி அறிவிப்பு, ஆடிட்டர் அலுவலகத்தின் நினைவூட்டல், யாரோ நான்கு பேர் பேசிக்கொள்வதில் சிசியாக வந்து சேர்ந்தவை என எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் என்று கெடுக்கள் நெருங்கும் நாட்களில் இது இன்னும் கூடும். ஓஎம்ஆரில் இருக்கும் ஐடி நிறுவனத்தில் விஷயம் வேறாக இருக்கலாம், சிக்கல் இதேதான்.

இதை ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள் வழக்கமாக நான்கு வழிகளுக்கு நடுவே நின்று யோசிக்கிறார்கள். ரூல் (இன்னாரிடமிருந்து வந்தால் இங்கே போடு என்ற தானியங்கி விதி) எழுதி ஃபோல்டர்களில் பிரிப்பது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுத் தேடிக்கொள்வது இன்னொன்று. ஃப்ளாக்கோ (கொடி அடையாளம்) ஸ்னூஸோ (மெயிலை மறைத்து, சொன்ன நேரத்தில் திரும்பக் கொண்டுவருவது) போட்டு வேலைப் பட்டியலாக வைத்துக்கொள்வது மூன்றாவது. முக்கியம் எது என்பதை மென்பொருளிடமே விட்டுவிடுவது நான்காவது. நான்குக்கும் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் எல்லாமே உள்ளேயே இருக்கின்றன.

தேர்வு செய்யும் முன் ஒரு வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. "அந்த மெயில் எங்கே இருக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "நான் இன்னும் யாருக்குப் பதில் சொல்லவில்லை?" என்பது வேறு கேள்வி. ஃபோல்டரும் தேடலும் முதல் கேள்விக்கானவை, ஃப்ளாக்கும் ஸ்னூஸும் இரண்டாவதற்கானவை. நாற்பது ஃபோல்டர் போட்டுப் பிரித்த பிறகும் சப்ளையர் போன் செய்து "மெயில் பார்க்கலையா சார்?" என்று கேட்கிறார் என்றால், இரண்டாவது கேள்வியை ஃபோல்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

## எதை வைத்து எடைபோடுவது

உங்கள் கணக்கு எந்த வகை? பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான், பாதி முடிவு இதிலேயே தீர்ந்துவிடும். பழைய அவுட்லுக்கில் (கணினியில் நிறுவும் கிளாசிக் அவுட்லுக்) ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், மறுபடியும் அக்கவுன்ட் செட்டிங்ஸ் என்று போனால் முகவரிக்குப் பக்கத்தில் "டைப்" என்ற பத்தி இருக்கும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்று இருந்தால் கிட்டத்தட்ட எல்லா வசதியும் சர்வரிலேயே இயங்கும். ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கும், ஆனால் ரூல் உங்கள் கணினியில்தான் ஓடும். கலர் கேட்டகரியும் தேதி போட்ட ஃப்ளாக்கும் மற்ற சாதனங்களில் தெரியும் என்று நம்ப முடியாது. பாப் என்றால் மெயில் உங்கள் கணினிக்கு இறங்கிவிடும். "14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கு" என்ற டிக் பல கணினிகளில் போட்டபடியே கிடக்கிறது. போனில் பழைய மெயில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த டிக்தான். டொமைன் வாங்கிய இடத்திலேயே மெயிலும் வாங்கிய சிறு நிறுவனங்களில் பாப் இன்னும் நிறையவே ஓடுகிறது.

தவறவிட்டால் என்ன இழப்பு? செய்திமடல் ஒன்று கண்ணில் படாவிட்டால் ஒன்றும் இல்லை. டெண்டர் திருத்த அறிவிப்போ, கப்பல் ஏஜென்டிடமிருந்து வரும் சரக்கு வருகை அறிவிப்போ ஒரு நாள் தவறினால் பணம் போகும்.

இரண்டு வருடம் கழித்துத் தேட வேண்டி வருமா? ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டு என்கிறது. இன்வாய்ஸ் மெயிலில் மட்டுமே இருக்கிறது என்றால் அந்த மெயிலும் இந்தக் கணக்கில் வரும்.

வேறு யார் பார்க்க வேண்டும்? நீங்கள் லீவு போட்டாலோ வேலை மாறினாலோ அடுத்தவர் கையில் கொடுக்கும்படி இருக்கிறதா?

பராமரிப்புக்கு எவ்வளவு நேரம்? ஒருமுறை அமைத்துவிட்டால் போதுமா, ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு கிளிக் தேவையா?

## வழி 1: ரூல் எழுதி ஃபோல்டரில் பிரிப்பது

அவுட்லுக்கில் மெயில் மேல் ரைட் கிளிக், ரூல்ஸ், கிரியேட் ரூல், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். ஜிமெயிலில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறு ஐகானை அழுத்தி, அனுப்பியவரையோ சொல்லையோ கொடுத்து, கிரியேட் ஃபில்டர். இரண்டிலும், ஏற்கெனவே வந்து கிடக்கும் மெயில்களுக்கும் இதைப் பொருத்தலாமா என்று ஒரு டிக் கடைசித் திரையில் இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். ரூல் எதைத் தவறாகப் பிடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மனிதர் எழுதாத மெயில்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. வங்கி ஸ்டேட்மென்ட், போர்ட்டல்களின் தானியங்கி அறிவிப்பு, சர்வர் பேக்கப் ரிப்போர்ட், செய்திமடல் போன்றவற்றுக்கு அனுப்பும் முகவரி மாறாது, பதிலும் தேவையில்லை.

மனிதர்கள் எழுதும் மெயிலுக்கு இதை விரிக்கும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. ஒரே சப்ளையர் ஒரே மெயிலில் கொட்டேஷன் அனுப்பி, பழைய பில்லுக்குப் பணம் கேட்டு, ஒரு பார்ட் திரும்பி வந்ததைப் பற்றியும் புகார் சொல்வார். அது கொட்டேஷன் ஃபோல்டரா, பேமென்ட் ஃபோல்டரா, குவாலிட்டி ஃபோல்டரா? அவுட்லுக் ஃபோல்டரில் ஒரு மெயில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம்:

- ரூல் நகர்த்திய மெயிலுக்குப் போனில் பெரும்பாலும் சத்தம் வராது, ஏனென்றால் அறிவிப்பு இன்பாக்ஸுக்கு மட்டும்தான் அமைந்திருக்கும். பக்கத்து ஃபோல்டரில் எண் ஏறிக்கொண்டே இருக்கும், யாரும் திறக்க மாட்டார்கள்.
- அவுட்லுக் ரூல் சொல்லின் நடுவில் இருக்கும் எழுத்துகளையும் பிடிக்கும். பர்ச்சேஸ் ஆர்டருக்காக ஆங்கிலத்தில் பி, ஓ என்ற இரண்டே எழுத்தைக் கொடுத்தால், "ரிப்போர்ட்" என்ற சொல் உள்ள மெயிலும் அங்கே போய்விடும். எண்ணோடு வரும் முழு வடிவத்தையோ அனுப்புபவர் முகவரியையோ கொடுப்பதே பாதுகாப்பு.
- ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும். "ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்" என்ற டிக் இல்லாவிட்டால் ஒரே மெயிலை இரண்டு ரூல் பிடித்து இரண்டு ஃபோல்டரில் பிரதி உண்டாகலாம். டிக் இருந்தால், கீழே உள்ள ரூல் ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். முக்கியமான வாடிக்கையாளருக்கான ரூலை மேலே வைத்து அதற்கு மட்டும் டிக் போடுங்கள்.
- ரூல் பெயருக்குப் பக்கத்தில் "கிளையன்ட் ஒன்லி" என்று இருந்தால், உங்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே அது ஓடும். பிரின்ட் எடு, ஒலி எழுப்பு, பிஎஸ்டி கோப்புக்கு (அவுட்லுக் மெயிலைக் கணினியில் சேமிக்கும் கோப்பு) நகர்த்து போன்ற செயல்கள் சேர்ந்தால் ரூல் இப்படி ஆகிவிடும். சனி மாலை கணினியை அணைத்துவிட்டுப் போனால் திங்கள் காலை வரை எதுவும் பிரியாது.
- எக்ஸ்சேஞ்ச் கணக்கில் எல்லா ரூலுக்கும் சேர்த்து 256 கிலோபைட் இடம்தான். நீளமான முகவரிப் பட்டியலோடு ரூல் எழுதுகிறவர்கள் இந்த எல்லையைத் தொடுவார்கள். ஒரே டொமைனிலிருந்து வருபவர்களைத் தனித்தனி முகவரியாகச் சேர்க்காமல், முகவரியில் அந்த டொமைன் பெயர் இருந்தால் என்று ஒரே ரூலாக எழுதலாம்.

சிசி மெயிலுக்கென்று ஒரு ரூல் எழுதச் சொல்லிப் பலரும் பரிந்துரைப்பார்கள்: டூ வரியில் என் பெயர் இல்லையென்றால் தனி ஃபோல்டருக்கு. எழுதலாம், ஆனால் குழு முகவரிக்கு வரும் மெயிலிலும் உங்கள் பெயர் டூ வரியில் இருக்காது. "அக்கவுன்ட்ஸ்" என்ற பொது முகவரிக்கு வாடிக்கையாளர் எழுதியதும் சேர்ந்து ஒளிந்துவிடும். நகர்த்தாமலே நிறம் போடுவது மேல். பழைய அவுட்லுக்கில் வியூ, வியூ செட்டிங்ஸ், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போய், டூ வரியில் நான் மட்டும் இருக்கும் மெயிலுக்குக் கருநீலம் என்று வைத்துவிட்டால், நேராக உங்களிடம் கேட்கப்பட்டவை பட்டியலில் பளிச்சென்று தெரியும். ஜிமெயிலில் செட்டிங்ஸின் ஜெனரல் பக்கத்தில் பர்சனல் லெவல் இன்டிகேட்டர்ஸ் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் வந்த மெயிலுக்கு ஒரு அம்புக்குறியும், உங்களுக்கு மட்டும் வந்ததற்கு இரட்டை அம்புக்குறியும் வரும். இந்த இரண்டு வசதிக்கும் எந்தப் பராமரிப்பும் கிடையாது, எந்த மெயிலும் ஒளியாது. அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ரூல் பட்டியலை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மெயில் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைபவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, "இன்வாய்ஸ்", "பேமென்ட்" போன்ற சொற்கள் உள்ள மெயிலை யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் போன்ற ஃபோல்டருக்கு நகர்த்தும்படி ரூல் எழுதிவைப்பது. பிறகு வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக உங்கள் வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரிலேயே எழுதுவார்கள். அவருடைய பதில் உங்கள் கண்ணுக்கு வராது. நீங்கள் எழுதாத ரூல் ஒன்று பட்டியலில் இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, ஐடி ஆளிடம் சொல்லுங்கள்.

## வழி 2: ஒரே இடத்தில் போட்டுத் தேடிக்கொள்வது

பதில் சொல்லி முடித்த மெயிலை ஆர்க்கைவ் செய்துவிட்டு (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு), தேவைப்படும்போது தேடுவது. அவுட்லுக்கில் பேக்ஸ்பேஸ் விசை, ஜிமெயிலில் ஈ விசை (ஜிமெயிலில் குறுக்குவிசைகளை முதலில் செட்டிங்ஸில் இயக்க வேண்டும்). எங்கே வைப்பது என்று ஒவ்வொரு மெயிலுக்கும் யோசிக்கும் அந்த நான்கைந்து விநாடி முழுதாக மிச்சமாகும். நாளுக்கு எண்பது மெயில் வருபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இது வெற்றி பெறுவது, தேடலைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால்தான். அனுப்பியவர், தலைப்பு, இணைப்பு, காலம் என்று நான்கில் இரண்டைச் சேர்த்தாலே ஆயிரம் மெயில் பத்தாகச் சுருங்கும். ஜிமெயிலில் தேடல் பெட்டியின் ஓர ஐகானைத் திறந்தால் இவை எல்லாமே கட்டங்களாக இருக்கும், எந்தக் குறியீடும் மனப்பாடம் வேண்டாம். மெயிலின் அளவு பத்து எம்பிக்கு மேல் என்றுகூடக் கேட்கலாம், இடம் காலி செய்ய அதுவே முதல் தேடல். அவுட்லுக்கில் கன்ட்ரோல் + ஈ அழுத்தினால் தேடல் பெட்டிக்குப் போய்விடலாம், பக்கத்திலேயே வடிகட்டும் கட்டங்கள் திறக்கும்.

ஏமாற்றும் இடங்கள் மூன்று. முதலாவது, ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். இன்வாய்ஸ் எண்ணின் நடுவில் உள்ள மூன்று இலக்கத்தை மட்டும் அடித்தால் கிடைக்காது. இரண்டாவது, எக்ஸ்சேஞ்ச் கணக்கு வைத்த பழைய அவுட்லுக் எல்லா மெயிலையும் கணினியில் வைத்திருப்பதில்லை. கடைசி ஒரு வருடம் மட்டும் என்று அமைந்திருந்தால், அதற்கு முந்தையவற்றைப் பார்க்கத் தேடல் முடிவின் அடியில் வரும் "சர்வரில் மேலும் தேடு" என்ற வரியை அழுத்த வேண்டும். "மெயில் அழிஞ்சுபோச்சு" என்ற புகார்களில் பல இங்கேயே முடியும். மூன்றாவது, ஸ்கேன் செய்து படமாக வந்த பிடிஎஃப்புக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தலைப்பில் வெறும் "பில்" என்றோ, ஏழு முறை ஃபார்வர்டு ஆன வாலோடோ வந்தால், பிறகு எதை வைத்துத் தேடுவது?

இந்த மூன்றாவதுக்குப் பழைய அவுட்லுக்கில் நல்ல மருந்து இருக்கிறது. வந்த மெயிலைத் தனிச் சாளரத்தில் திறந்து, தலைப்பு வரியைக் கிளிக் செய்து திருத்தி, சேமித்துவிடலாம். "பில்" என்பதற்குப் பின்னால் சப்ளையர் பெயரையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்துவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் ஒரே தேடலில் வரும். தகராறில் சான்றாகப் போகக்கூடிய மெயிலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஜிமெயில் லேபிளும் அவுட்லுக் கேட்டகரியும் இந்த வழிக்குத் துணை. ஒரு மெயிலுக்கு மூன்று லேபிள் ஒட்டலாம், ஆகவே மேலே சொன்ன கொட்டேஷன்-பேமென்ட்-குவாலிட்டி குழப்பம் இங்கே எழாது. அவுட்லுக்கில் கன்ட்ரோல் + எஃப்2 முதல் எஃப்12 வரை கேட்டகரிகளுக்கு விசை கொடுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் வைத்தால் நீங்களே எதற்கு எது என்று மறப்பீர்கள்.

## வழி 3: ஃப்ளாக், ஸ்னூஸ், வேலைப் பட்டியல்

"யாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை" என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரே வழி இது. ஆனால் எல்லா மெயிலையும் அன்ரெட் ஆக்கி வைத்துக்கொண்டு அதையே நினைவூட்டலாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். போனில் தவறுதலாக ஒருமுறை தொட்டாலே அந்த நினைவு போய்விடும்.

அவுட்லுக்கில் மெயிலைத் தேர்ந்து இன்சர்ட் விசையை அழுத்தினால் ஃப்ளாக் விழும். கொடியின் மேல் ரைட் கிளிக் செய்து நாளை, அடுத்த வாரம், கஸ்டம் என்று தேதி கொடுங்கள். தேதி இல்லாத ஃப்ளாக் ஒரு மாதத்தில் அலங்காரமாகிவிடும். நூற்றைம்பது சிவப்புக் கொடி இருக்கும் இன்பாக்ஸில் எதுவும் அவசரமாகத் தெரியாது. ஜிமெயிலில் இதற்கு இணை ஸ்னூஸ். கடிகார ஐகானை அழுத்தி நாளும் நேரமும் கொடுத்தால் மெயில் மறைந்து, சொன்ன நேரத்தில் இன்பாக்ஸின் உச்சியில் வந்து நிற்கும்.

நீங்கள் அனுப்பி, பதில் வராமல் இருப்பவற்றுக்கும் இதே கருவிதான், அங்கேதான் இதன் அருமை தெரியும். பழைய அவுட்லுக்கில் மெயில் எழுதும்போதே மெசேஜ் தாவலில் ஃபாலோ அப் கொடுத்து மூன்று நாள் கழித்து நினைவூட்டச் சொல்லலாம். ஜிமெயிலில் அனுப்பிய மெயிலை சென்ட் பகுதியில் திறந்து ஸ்னூஸ் செய்யலாம். சப்ளையரைத் துரத்துவதே வேலையாக இருக்கும் பர்ச்சேஸ் ஆட்களும், தீர்வைத் தொகை கட்ட வாடிக்கையாளரிடம் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்கும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்களும் இந்த ஒன்றைப் பழகினாலே தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும்.

மறை செலவு என்ன? ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், முடித்ததும் கொடியை இறக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் பட்டியலைத் துடைக்காவிட்டால் இது செத்துப்போகும். ஸ்னூஸுக்கு இன்னொரு ஆபத்து: ஒரே மெயிலை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுவது மிகவும் சுலபம். மூன்றாவது முறை தள்ளும்போது, "புதன்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று எதிரிலிருப்பவருக்கு ஒரு வரி எழுதிவிட்டுத் தள்ளுங்கள்.

பொது மெயில்பாக்ஸில் ஃப்ளாக் சரிவராது. அங்கே நீங்கள் போட்ட கொடி உங்கள் சொந்த வேலைப் பட்டியலில் வராது, யாருடைய கொடி என்றும் தெரியாது. ஆள் பெயரிலேயே கேட்டகரி வைத்து, எடுத்தவர் தன் நிறத்தைப் போடுவதுதான் வேலை செய்யும்.

## வழி 4: மென்பொருளே பிரிக்கட்டும்

அவுட்லுக்கின் ஃபோகஸ்டு இன்பாக்ஸும், ஜிமெயிலின் பிரைமரி, ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ் தாவல்களும் இந்த வகை. அமைக்க எதுவும் இல்லை. தவறாகப் போனதை ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் மூவ் டு ஃபோகஸ்டு" கொடுத்தாலோ, ஜிமெயிலில் பிரைமரி தாவலுக்கு இழுத்துப் போட்டாலோ கற்றுக்கொள்ளும்.

விளம்பரமும் செய்திமடலும் மட்டும் தொந்தரவாக இருப்பவருக்கு இது போதும். ஆனால் விற்பனை மேஜைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இதுவரை எழுதாத ஒருவரிடமிருந்து வரும் முதல் விசாரணைதான் விற்பனைக்கு உயிர். பழக்கத்தை வைத்துப் பிரிக்கும் கருவிக்கு அவரைத் தெரியாது. அணைக்க வேண்டுமென்றால், பழைய அவுட்லுக்கில் வியூ தாவலில் ஷோ ஃபோகஸ்டு இன்பாக்ஸ், ஜிமெயிலில் செட்டிங்ஸின் இன்பாக்ஸ் பக்கத்தில் தாவல்களின் டிக்கை எடுத்துவிடுவது.

## ஒரே பார்வையில்

| | ரூல் + ஃபோல்டர் | தேடல் + லேபிள் | ஃப்ளாக் / ஸ்னூஸ் | தானியங்கிப் பிரிப்பு |
|---|---|---|---|---|
| பதில் பாக்கியைக் காட்டுமா | காட்டாது | காட்டாது | காட்டும் | காட்டாது |
| மெயில் கண்ணில் படாமல் போகும் ஆபத்து | அதிகம் | குறைவு | தேதி போட்டால் குறைவு | நடுத்தரம் |
| இரண்டு வருடம் கழித்துத் தேட | நன்று | தலைப்பு ஒழுங்காக இருந்தால் மிக நன்று | உதவாது | உதவாது |
| அடுத்தவரிடம் ஒப்படைக்க | மிக நன்று | சுமார் | பட்டியலாகக் கொடுக்கலாம் | உதவாது |
| தினசரி உழைப்பு | ஆரம்பத்தில் அதிகம், பிறகு குறைவு | மிகக் குறைவு | ஒவ்வொரு மெயிலுக்கும் | இல்லை |
| பாப் கணக்கில் | அந்தக் கணினியில் மட்டும் | அந்தக் கணினியில் மட்டும் | அந்தக் கணினியில் மட்டும் | ஃபோகஸ்டு கிடையாது |

## யாருக்கு எது

ஆடிட்டர் அலுவலகம், புராஜெக்ட் அலுவலகம், சட்ட அலுவலகம்: இங்கே ஃபோல்டர்தான். ஒரு கிளையன்டின் கோப்பை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். தேடத் தெரிந்த ஆள் போய்விட்டால் தேடல் பயனற்றது. கிளையன்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிதியாண்டு, அவ்வளவுதான். மூன்றாம் அடுக்கு வேண்டாம். ஆனால் இன்பாக்ஸிலிருந்து அங்கே நகர்த்துவது ரூலின் வேலையாக இருக்கக் கூடாது; படித்து, பதில் எழுதிய பிறகு நீங்கள் நகர்த்த வேண்டும். அவுட்லுக்கின் குவிக் ஸ்டெப்ஸ் இதற்கென்றே இருக்கிறது: ரெட் ஆக்கு, குறிப்பிட்ட ஃபோல்டருக்கு நகர்த்து என்ற இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 1 முதல் 9 வரை ஒரு விசை கொடுக்கலாம். மற்ற ஃபோல்டர்களுக்குக் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் எங்கே என்று கேட்கும்.

பர்ச்சேஸ், விற்பனை, லாஜிஸ்டிக்ஸ்: தேதி போட்ட ஃப்ளாக் முதன்மை, தேடல் துணை. ரூல் இயந்திரம் அனுப்பும் மெயிலுக்கு மட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளுக்குப் பொருள் தரும் நிறுவனங்களுக்கு டெலிவரி அட்டவணை போர்ட்டலிலிருந்து தானாக வருகிறது என்றால், அதற்கு மட்டும் விதிவிலக்கு: ஃபோல்டருக்கு அனுப்பாமல் இன்பாக்ஸிலேயே விட்டு நிறம் போடுங்கள்.

ஐடி நிறுவன டெவலப்பர், மேனேஜர்: டிக்கெட் அறிவிப்புகளுக்கு ரூல். நீண்டுகொண்டே போகும் குழு உரையாடலில் இருந்து விடுபட ஜிமெயிலில் மியூட் உண்டு. அது மெயிலை ஆர்க்கைவுக்குத்தான் அனுப்பும். அவுட்லுக்கின் இக்னோர் அப்படி இல்லை: உரையாடல் முழுவதையும், இனி வரப்போகும் பதில்களையும் சேர்த்து டிலீட்டட் ஐட்டம்ஸுக்கு அனுப்பிவிடும். இரண்டும் ஒன்றென்று நினைத்து அழுத்தி, நடப்பது தெரியாமல் தவித்தவர்கள் உண்டு. மீட்க, டிலீட்டட் ஐட்டம்ஸில் அந்த மெயிலைத் தேர்ந்து மறுபடியும் இக்னோர் அழுத்தினால் நிறுத்தும் தேர்வு வரும்.

அக்கவுன்ட்ஸ், சேல்ஸ் என்ற பொது முகவரி: ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது பரவலான பழக்கம். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியவுடன் ஓடிபி ஒருவர் போனுக்கு மட்டும் வரும், உடனே யாராவது அதை அணைத்துவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஷேர்டு மெயில்பாக்ஸ் 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் இல்லாமலே கிடைக்கிறது. அவரவர் கடவுச்சொல்லிலேயே உள்ளே போகலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் குரூப்பைக் கொலாபரேட்டிவ் இன்பாக்ஸாக மாற்றினால் ஒவ்வொரு மெயிலையும் ஒருவர் பெயருக்கு ஒதுக்கலாம்.

பாப் கணக்கு, ஒரே கணினி: மேலே சொன்ன எதையும் அமைப்பதற்கு முன் மெயில் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே பிஎஸ்டி கோப்பில், அந்த ஒரு கணினியின் வட்டில்தான் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை தரைத்தள அலுவலகங்களுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். மேஜைக்கடியில் இருந்த சிபியுவோடு அதிலிருந்த மெயிலும் போயிருக்கும். பிஎஸ்டி கோப்புக்கு இயல்பான எல்லை 50 ஜிபி. அதை நெருங்கும்போது வேகம் குறைந்து, பழுதும் அதிகமாகும். அவுட்லுக் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஒன்டிரைவிலோ நெட்வொர்க் டிரைவிலோ வைத்து இயக்குவதும் கோப்பைக் கெடுக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை வெளி வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டை வேறு இடத்தில் வையுங்கள். டொமைன் நிறுவனம் ஐமேப் தருகிறது என்றால் அதற்கு மாறுவதே முதல் வேலை.

## மாறும்போது

பழைய ஐயாயிரம் மெயிலைப் பிரிக்க உட்காராதீர்கள். இன்றைய தேதிக்கு ஒரு மாதம் முந்தைய எல்லாவற்றையும் தேர்ந்து ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். எதுவும் அழியாது, தேடலில் வரும். மீதமிருக்கும் ஒரு மாத மெயிலில் பதில் பாக்கி உள்ளவற்றுக்கு மட்டும் தேதியோடு ஃப்ளாக் போடுங்கள். ரூல்களை ஒரே நாளில் பதினைந்து எழுதாமல் வாரத்துக்கு இரண்டு என்று எழுதி, ஒவ்வொன்றும் எதைப் பிடிக்கிறது என்று அந்த வாரம் முழுக்கக் கவனியுங்கள். முதல் மாதம் ரூல் போகும் ஃபோல்டர்களைத் தினமும் மாலை கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி கெடு நாட்களில், அதாவது 8 முதல் 20-ஆம் தேதி வரை, புது அமைப்பு எதையும் ஆரம்பிக்காமல் 21-க்குப் பிறகு தொடங்குவது நல்லது.